ஒரு வருடமா, ஒரு பருவமா, சில வாரங்களா? பரிமாற்ற மாணவராகப் போகும் முன்

பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போய்ப் படிக்க வேண்டும் என்று பிள்ளை வாயைத் திறந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி "எந்த நாடு?" என்பதுதான். விண்ணப்பிக்க நினைக்கும் குடும்பங்களோடு பேசும்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். எவ்வளவு காலம், யார் வீட்டில் தங்குவது, பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு ஆகிய மூன்றும் முடிவானால் நாடு பெரும்பாலும் தானாக அமைந்துவிடும். நாட்டை முதலில் பிடித்துக்கொண்டால் மற்ற மூன்றும் கிடைத்தபடி அமையும். பதினாறு வயதுப் பிள்ளை விஷயத்தில் அப்படி விட்டுவிட முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயது, போக வேண்டும் என்ற ஆசை அவருடையது, பள்ளி ஒரு வருடம் விடத் தயார் என்றால், முழுக் கல்வியாண்டு, ஒரு குடும்பத்தோடு தங்கி, தாய்மொழியும் ஆங்கிலமும் அல்லாத ஒரு மொழி புழங்கும் நாட்டில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது. நான் மிகவும் தயங்குவது அரையாண்டுத் திட்டத்தைப் பரிந்துரைக்கத்தான். ஏன் என்று சொல்ல வேண்டும்.

எவ்வளவு காலம்?

பெரும்பாலான திட்டங்கள் மூன்று அளவுகளில் இருக்கின்றன: சில வாரங்கள், ஒரு பருவம் (அதாவது அரையாண்டு), ஒரு கல்வியாண்டு. ரோட்டரி சேவைச் சங்கங்கள் நடத்தும் இளைஞர் பரிமாற்றத்தில் நீண்ட காலம் என்றால் ஒரு கல்வியாண்டு. குறுகிய காலம் என்றால் சில நாட்களிலிருந்து மூன்று மாதம் வரை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் என்ற கல்விப் பரிமாற்றத் திட்டம், பள்ளி மாணவர்களின் நீண்டகாலத் தங்கலை 30 நாளிலிருந்து 365 நாள் வரை என்று வைத்திருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் ஆறு மாதம் நடுவாந்திரமாக, பாதுகாப்பானதாகத் தெரியும். படிப்பும் அதிகம் கெடாது, பிரிவும் அதிகமில்லை, அனுபவமும் கிடைக்கும் என்று பெற்றோர் நினைப்பார்கள்.

மொழி தெரியாத நாட்டுக்குப் போன பிள்ளையின் முதல் மாதங்களைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வந்த புதிதில் அது வெறும் சத்தம். தன் பெயர் காதில் விழுந்தால் நிமிர்ந்து பார்ப்பது, எல்லாரும் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிப்பது, அவ்வளவுதான். காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டே இருந்ததில் எட்டு மணிக்கே கண் சொருகிவிடும். சில வாரம் போனால் பேச்சு எதைப் பற்றியது என்று பிடிபடும். ஆனால் மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். இந்தக் கட்டம்தான் ஆளைப் படுத்துவது. சொந்த ஊரில் வகுப்பையே சிரிக்க வைத்த பிள்ளை, இங்கே ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்த சொற்களோடு உட்கார்ந்திருக்கும். தன் சுபாவமே மாறிவிட்டதோ என்று பயப்படும். மூன்றாவது, நான்காவது மாதத்தில் அழுகையோடு வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அப்புறம் ஒரு நாள், அதே மேசையில், அந்தப் பிள்ளை சட்டென்று சொன்ன ஒரு பதிலுக்கு அந்த வீட்டுச் சின்னப் பையன் விழுந்து விழுந்து சிரிப்பான். யாரும் மெதுவாகப் பேசிக் காட்டவில்லை, யாரும் மொழிபெயர்த்துத் தரவில்லை. அதன் பிறகு வருகிற மாதங்கள் வேறு மாதிரி இருக்கும். நண்பர்கள் கிடைப்பது, பாடம் புரிவது, கோபம் வந்தால் கோபத்தைச் சொல்ல முடிவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆறு மாதத் திட்டத்தில் போனவர் அந்த நேரத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். கஷ்டமான பாதியை முழுதாகப் பட்டுவிட்டு, நல்ல பாதியை விட்டுவிட்டு வருவதால்தான் அதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இது எல்லாருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்று சொல்லவில்லை. 1955-இல் ஸ்வெரே லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த 200 நார்வேக்காரர்களிடம் பேசினார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள், இடைப்பட்டவர்கள்தான் சிரமப்பட்டார்கள் என்று கண்டார். முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு ஏற்றம் என்று எல்லா முன்பயிற்சிக் கூட்டங்களிலும் வரைந்து காட்டும் யு வடிவக் கோடு அங்கிருந்து வந்ததுதான். அவர் பேசியது பெரியவர்களோடு. பின்னால் வந்த ஆய்வுகள் சில, வந்து இறங்கிய முதல் வாரங்களிலேயே அழுத்தம் உச்சத்தில் இருப்பதாகக் கண்டிருக்கின்றன. ஆகவே அந்தக் கோட்டை நாட்காட்டி போல நம்ப வேண்டாம். சரிவு எப்போது வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வந்தால் அதிலிருந்து மீண்டு எழுவதற்குக் கையில் காலம் இருக்கிறதா என்பதைத்தான் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டும்.

அரையாண்டு சரியாக அமையும் இடங்களும் உண்டு. பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழி பேசும் நாடு என்றால் அந்த ஊமைக் காலம் சுருங்கிவிடும், ஐந்தாறு மாதத்தில் நிறையவே பார்க்கலாம். போகும் நாட்டின் மொழியைப் பள்ளியில் மூன்று நான்கு வருடம் ஒழுங்காகப் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். அடுத்த வருடம் இறுதித் தேர்வு, பள்ளி ஒரு பருவத்துக்கு மேல் விடாது என்றால், முழு வருடம் போய் வந்து தடுமாறுவதைவிட அரையாண்டு மேல்.

சில வாரத் திட்டத்தை முழு வருடத்தின் சின்ன வடிவமாக நினைத்துவிடாதீர்கள். நான்கு வாரம் விருந்தாளியாகவே இருந்துவிட்டு வரலாம், யாரும் உங்களிடம் பாத்திரம் கழுவச் சொல்ல மாட்டார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை வீட்டை விட்டு இருந்து பார்ப்பதற்கு அது நல்ல வழி. போய் வந்து "இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்று சொல்கிறதா, வந்த அன்றே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறதா என்பதைப் பார்த்து அடுத்த முடிவை எடுக்கலாம்.

முழு வருடத்துக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. திரும்பி வந்ததும் எந்த வகுப்பில் சேர்வது என்பதுதான் அது. வெளிநாட்டுப் பள்ளி கொடுக்கும் மதிப்பெண் பட்டியலை இங்கே ஏற்றுக்கொள்வார்களா, விட்ட வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டுமா என்பதைப் போகும் முன்பே பள்ளியிடமும் கல்வி வாரியத்திடமும் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை போதாது, தலைமை ஆசிரியர் மாறினால் வார்த்தையும் மாறிவிடும். பரிமாற்ற மாணவருக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்கப் பள்ளிகள் பல அதைக் கொடுப்பதில்லை. ஒரு வருடம் பின்தங்குவதைப் பெரிய இழப்பாக நான் பார்ப்பதில்லை. பதினேழு வயதில் முடிப்பதைப் பதினெட்டில் முடித்தால் யாரும் பிறகு கேட்கப் போவதில்லை. ஆனால் அதை முன்கூட்டியே தெரிந்து ஏற்றுக்கொள்வதற்கும், திரும்பி வந்த பிறகு தெரிந்து அதிர்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

யார் வீட்டில்?

பணம் வாங்காத குடும்பம், காசு வாங்கிக்கொண்டு தங்க வைக்கும் குடும்பம், ஹாஸ்டல் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் இரண்டும் வெளியிலிருந்து ஒன்றாகவே தெரியும்.

அமெரிக்காவை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் விசாவிலேயே இருக்கிறது. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் பள்ளிப் பரிமாற்ற மாணவராகப் போனால், தங்க வைக்கும் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பது விதி. வயது 15-க்குக் குறையாமலும் பதினெட்டரைக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். தங்கல் அதிகபட்சம் இரண்டு பருவம். வீட்டில் உள்ள பெரியவர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒருமுறையாவது மாணவரோடும் குடும்பத்தோடும் பேச வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போவது வேறு வழி. அரசுப் பள்ளி என்றால் 12 மாதத்துக்கு மேல் இருக்க முடியாது, படிப்புக்கான முழுச் செலவையும் கட்ட வேண்டும். தனியார் பள்ளி என்றால் அதைவிட நீண்ட காலம் படிக்கலாம். பள்ளியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தங்குமிடத்துக்குத் தனியாகப் பணம் கட்டுவீர்கள்.

குறிப்பிட்ட பள்ளி வேண்டும், அங்கேயே மேற்படிப்புக்குப் போக வேண்டும் என்ற திட்டம் இருந்தால் இரண்டாவது வழி பொருத்தம். ஆனால் அதைப் பரிமாற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பணம் கொடுத்துத் தங்கும் வீட்டில் அறை சரியில்லை என்று புகார் சொல்லும் உரிமை கிடைக்கும். கூடவே, நீங்கள் அந்த வீட்டில் வாடிக்கையாளர் ஆகிவிடுவீர்கள். பணம் வாங்காமல் ஏற்றுக்கொண்ட வீட்டில் நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர். குப்பையை வெளியே வைப்பது உங்கள் முறை என்றால் வைத்துத்தான் ஆக வேண்டும், வெளியே போனால் எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். உரசல் அதில்தான் வரும், ஒட்டுதலும் அதில்தான் வரும்.

அந்த உரசல் எவ்வளவு சின்ன விஷயங்களில் வரும் என்பதற்கு ஃபிரிட்ஜ் ஒன்றே போதும். பசித்தால் தானே திறந்து எடுத்துக்கொள்ளலாமா, கேட்க வேண்டுமா? கேட்காமல் எடுத்தால் மரியாதை தெரியாத பிள்ளை என்று ஒரு வீட்டில் நினைப்பார்கள். இன்னொரு வீட்டில் ஒவ்வொரு முறையும் கேட்டால், இன்னும் நம்மை அந்நியராகவே பார்க்கிறதே என்று வருந்துவார்கள். ரோட்டரி மாணவர்களுக்கு இதற்காகவே முதல் இரவுக் கேள்விகள் என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். உங்களை எப்படிக் கூப்பிடட்டும், குளிக்க எந்த நேரம் வசதி, அழுக்குத் துணியை எங்கே போடுவது, என் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று அது நீளும். மிகச் சாதாரணமான கேள்விகள், கேட்கக் கூச்சமாகவும் இருக்கும். முதல் இரவே கேட்டுவிட்டவர்கள் இரண்டு மாதக் குழப்பத்தைத் தவிர்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் எந்தத் திட்டத்தில் போனாலும் இப்படி ஒரு பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஒரே குடும்பமா, பல குடும்பங்களா என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. ரோட்டரியில் ஒரு வருடத்தில் மூன்று குடும்பங்கள் வரை மாறுவார்கள். ஒரு வீடு சரிப்படாவிட்டாலும் அடுத்தது வரப்போகிறது என்பது ஆறுதல், ஒரே நாட்டில் மூன்று விதமான வாழ்க்கையைப் பார்க்கலாம் என்பது லாபம். ஒட்டிப் பழகிய நேரத்தில் பெட்டியைத் தூக்க வேண்டியிருப்பது அதன் வலி. புதிய சூழலில் மெதுவாகத் திறக்கும் கூச்ச சுபாவக்காரருக்கு வருடம் முழுக்க ஒரே வீட்டில் இருப்பதுதான் நல்லது.

ஹாஸ்டல் வழியில் யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ் என்ற பன்னாட்டு உறைவிடப் பள்ளிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1962-இல் வேல்ஸில் அட்லாண்டிக் காலேஜாகத் தொடங்கியது, இப்போது உலகம் முழுக்க 18 பள்ளிகள். மேல்நிலைப் படிப்பின் கடைசி இரண்டு வருடத்தை அங்கே படித்து இன்டர்நேஷனல் பாக்கலோரியட் என்ற பன்னாட்டுப் பள்ளி இறுதிப் பட்டயத்தோடு வெளியே வரலாம். குடும்ப வசதியைப் பொறுத்து உதவித்தொகையும் உண்டு. வருடம் வீணாகுமோ என்ற கவலையே இதில் எழாது. ஆனால் பல நாட்டுப் பிள்ளைகளோடு இருப்பீர்களே தவிர, அந்த ஒரு நாட்டின் வீட்டுக்குள் இருக்க மாட்டீர்கள். படிப்பில் தீவிரமாக இருந்து, சம வயதுக் கூட்டத்தில் மலரும் பிள்ளைக்கு நான் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

யார் பொறுப்பு?

வெளிநாட்டு வீட்டில் தங்கிப் பழகுவது என்ற முறையை எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங் என்ற அமெரிக்க அமைப்பு 1932-லேயே தொடங்கிவிட்டது. ஏ.எஃப்.எஸ். (அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ்) அமைப்பு 1915-இல் முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்களிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போரையும் பார்த்த அந்த ஓட்டுநர்கள், நாடுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டும் என்று 1947-இல் பள்ளி மாணவர்களை வரவழைக்கத் தொடங்கினார்கள். ஒய்.எஃப்.யு. (யூத் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங்) என்ற பரிமாற்ற அமைப்பு 1951-இல் ஜெர்மன் பதின்வயதினரை அமெரிக்க வீடுகளுக்கு அழைத்து வந்ததில் ஆரம்பித்தது. இந்தப் பழைய அமைப்புகளின் பலம் உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான். பலவீனமும் அவர்கள்தான். நல்லவர் அமைந்தால் நள்ளிரவில் கூப்பிட்டாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். அமையாவிட்டால் மின்னஞ்சலுக்குப் பதில் வர ஒரு வாரம் ஆகும்.

பெயர் பெரியதா, இணையதளம் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இவற்றைக் கேளுங்கள்: ஒருங்கிணைப்பாளர் மாணவரின் ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பார்? குடும்பத்தோடு ஒத்துவராவிட்டால் எத்தனை நாளில் வேறு வீடு கிடைக்கும், அதுவரை எங்கே தங்குவது? இன்சூரன்ஸ் மனநல ஆலோசனைக்கும் பல் வலிக்கும் உதவுமா? நடுவில் திரும்பினால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்ப வரும்? போன வருடம் போய் வந்த ஒரு மாணவரோடு பேச முடியுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் நான் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவேன்.

வீடு மாறுவதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம் என்று போகும் முன்பே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். அந்நிய வீட்டில் ஏதாவது ஒன்று உடலுக்கோ மனதுக்கோ பாதுகாப்பாகத் தோன்றாவிட்டால், காரணத்தை விளக்க முடியாவிட்டாலும், உடனே வெளியே வந்து தொலைபேசியில் கூப்பிடலாம் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். மரியாதை, நன்றிக்கடன் என்றெல்லாம் நினைத்துப் பொறுத்துக்கொள்ளும் பிள்ளைகள்தான் அதிகம்.

செலவில் திட்டத்துக்குத் திட்டம் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ரோட்டரியில் தங்குமிடமும் உணவும் ஏற்கும் குடும்பத்தின் பொறுப்பு. விமானக் கட்டணம், விசா, இன்சூரன்ஸ் போன்றவை உங்கள் பொறுப்பு. ஏ.எஃப்.எஸ்., ஒய்.எஃப்.யு. போன்றவை பங்கேற்புக் கட்டணம் வாங்கும், உதவித்தொகையும் வைத்திருக்கும். முழுச் செலவையும் ஏற்கும் அரசுத் திட்டங்களும் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை 2002-இல் தொடங்கிய கென்னடி-லூகர் யெஸ் திட்டம், முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களை ஒரு கல்வியாண்டுக்கு அழைத்துப்போகிறது. போட்டி கடுமை, ஆனால் பணமில்லை என்பதற்காக ஆசையை மூடி வைக்கும் முன் இப்படி ஒன்று உங்கள் நாட்டுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எந்த நாடு?

இப்போது நாட்டுக்கு வரலாம். ஆங்கிலம் பேசும் நாட்டில் பள்ளிப் பாடம் முதல் நாளே கொஞ்சம் புரியும், நண்பர்கள் சீக்கிரம் கிடைப்பார்கள். வேறு மொழி நாட்டில் முதல் பாதி கஷ்டம், ஆனால் ஒரு மொழியே கைக்கு வந்துவிடும். ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு வகுப்பில் ஸ்பானிஷ், பிரெஞ்சு கற்றுத்தர 600 முதல் 750 மணி நேரமும், ஜப்பானியம், அரபு, கொரியம், சீனத்துக்கு 2200 மணி நேரமும் ஆகும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகம் கணக்கு வைத்திருக்கிறது. ஆகவே ஒரு வருடத்தில் ஸ்பானிஷில் கதைப் புத்தகம் படிக்கும் நிலைக்கு வரலாம், ஜப்பானியத்தில் நன்றாகப் பேசலாம் ஆனால் எழுத்து பாதியில் நிற்கும். வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு ஜப்பானிய வாக்கிய அமைப்பு ஆங்கிலேயருக்கு இருப்பது போல அந்நியமாக இருக்காது என்பது ஒரு கூடுதல் வசதி.

கல்வியாண்டு எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். ஜப்பானில் ஏப்ரல், ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர். உங்கள் பள்ளியின் நாட்காட்டியோடு ஒத்துப்போகும் நாட்டைத் தேர்ந்தெடுத்தாலே ஒரு வருட இழப்பு அரை வருடமாகக் குறையலாம். ஊரை, குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பல திட்டங்களில் கிடையாது. பெருநகரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர் இதில் ஏமாற்றம் அடைவார். சின்ன ஊர் வந்தால் கவலைப்படாதீர்கள், அங்கே நீங்கள் யார் என்று ஒரே வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

தினமும் பேசுவதா, வாரம் ஒருமுறையா?

இது பெற்றோருக்கான தேர்வு, விமானம் ஏறும் முன்பே முடிவு செய்ய வேண்டியது. தினமும் வீடியோவில் பேசினால் இரண்டு பக்கமும் நிம்மதிதான். ஆனால் மனம் கனக்கும் மாலைகளில் பிள்ளை கூடத்துக்கு வந்து அந்த வீட்டாரோடு உட்காராமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உங்களோடு உட்கார்ந்திருக்கும். வாரம் ஒருமுறை, நாளும் நேரமும் குறித்து வைத்துப் பேசுவதுதான் நல்லது என்பது என் அனுபவம். இடையில் ஒரு வரிச் செய்தி, ஒரு படம் அனுப்பலாம். அவசரம் என்றால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். பெற்றோர் நேரில் போய்ப் பார்ப்பதையும் முதல் பாதியில் தவிர்க்கச் சொல்லும் திட்டங்கள் பல இருக்கின்றன, அதில் நியாயம் இருக்கிறது. அழுகையோடு அழைப்பு வந்தால் உடனே டிக்கெட் போடாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஒருங்கிணைப்பாளருக்குத் தெரியப்படுத்துங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி பேசுங்கள். பாதுகாப்புப் பிரச்சினை என்றால் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஆசை பெற்றோருடையது, பிள்ளை தலையை மட்டும் ஆட்டுகிறது என்றால் மேலே சொன்ன எந்த வழியும் வேண்டாம். வீட்டுப் பிரச்சினையிலிருந்து தப்பிக்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், அந்தப் பிரச்சினை பெட்டியோடு கூடவே வரும். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுக்கலாம், ஆனால் விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. மருந்து, ஒவ்வாமை, பழைய சிகிச்சை எல்லாவற்றையும் எழுதினால்தான் அதற்கேற்ற குடும்பத்தைத் தேடுவார்கள்.

இரண்டு மனமாக இருக்கும் பிள்ளைக்குப் பதினைந்து வயதுதான் என்றால் ஒரு வருடம் பொறுக்கலாம். நடுவில் சில வாரத் திட்டத்தில் போய்ப் பார்க்கட்டும். பதினேழு முடிந்துவிட்டது என்றால் தள்ளிப்போட இடம் குறைவு, பல திட்டங்கள் பதினெட்டோடு கதவைச் சாத்திவிடும், ரோட்டரியில் மட்டும் சில இடங்களில் பத்தொன்பது வரை போகலாம். புறப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே விண்ணப்பங்கள் முடிந்துவிடுவதால், அடுத்த கல்வியாண்டுக்குப் போக வேண்டுமானால் இந்த வருடத் தொடக்கத்திலேயே, திரும்பி வந்ததும் எந்த வகுப்பு என்று சொல்லும் அந்தக் கடிதத்தைப் பள்ளியிடம் கேட்டுவிடுங்கள்.